உலக வங்கிக் கடனும் இந்திய நிலக்கரிச் சுரங்கங்களும்: பொக்காரோ முதல் பாரேஜ் கிழக்கு வரை

முன்னுரை

இந்திய நிலக்கரியின் வரலாறு பெரும்பாலும் உற்பத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1774இல் வங்காளத்தின் இராணிகஞ்சுப் பகுதியில் தொடங்கிய சுரங்கத் தொழில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதையின் வரவால் பெற்ற விரிவு, 1970களின் நாட்டுடைமை, அதன்பின் ஏற்பட்ட பெருவளர்ச்சி என்னும் வரிசையில் அவ்வரலாறு அமைகிறது. சுரங்கத்திற்கான பணம் எங்கிருந்து வந்தது, எத்தகைய நிபந்தனைகளுடன் வந்தது, அந்நிபந்தனைகள் நிலத்தை இழந்தோருக்கு என்ன செய்தன என்னும் வினாக்கள் அதில் மிகக் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன.

வளரும் நாடுகளின் சுரங்கத் திட்டங்களுக்கு மேம்பாட்டு வங்கிகள் நிதியளிக்கும் முறையை, உலக வங்கி இந்திய நிலக்கரித் துறைக்கு வழங்கிய கடன்களை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. குறிப்பாக, 1996ஆம், 1997ஆம் ஆண்டுகளில் வழங்கப்பட்ட இரு கடன்களும், அவற்றின் தொடர்பில் இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தின் பாரேஜ் கிழக்குச் சுரங்கப் பகுதி மக்கள் எழுப்பிய முறையீடும் இங்கு விரிவாக நோக்கப்படுகின்றன. வங்கிக் கடன் நிலமிழந்தோருக்கு முறையிடும் உரிமையை அளித்தது என்பதும், அவ்வுரிமையின் ஆயுள் கடனின் ஆயுளை ஒட்டியதாக அமைந்ததால் அது முழுப்பயன் தரவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மேம்பாட்டு வங்கி கடன் தரும் முறை

1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் உருவான உலக வங்கி, தான் திரட்டும் பணத்தின் பெரும்பகுதியை உறுப்பு நாடுகளின் கருவூலத்திலிருந்து நேரடியாகப் பெறுவதில்லை. உறுப்பு நாடுகளின் மூலதனப் பொறுப்பைப் பிணையாகக் கொண்டு மூலதனச் சந்தையில் கடன்பத்திரங்களை விற்று, அப்பணத்தை வளரும் நாடுகளுக்கு நெடுங்காலக் கடனாக வழங்குகிறது. 1960இல் அமைக்கப்பட்ட அதன் துணை நிறுவனமான அனைத்துலக மேம்பாட்டுச் சங்கம், வறிய நாடுகளுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் கடன் தருகிறது. தனியார் நிறுவனங்களுக்குக் கடனும் பங்கு மூலதனமும் வழங்க 1956இல் அனைத்துலக நிதிக் கழகம் நிறுவப்பட்டது.

அரசு நிறுவனமொன்றின் சுரங்கத்திற்குக் கடன் வழங்கப்படும்போது, நாட்டின் அரசே கடனைப் பெற்று நிறுவனத்திற்குக் கைமாற்றித் தரும். அல்லது நிறுவனம் பெறும் கடனுக்கு அரசு பொறுப்புறுதி அளிக்கும். எவ்வாறாயினும் சுரங்கம் இலாபம் தந்தாலும் தராவிட்டாலும் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டுவிடும். இதனால் திட்டம் பிழைத்தால் வங்கிக்குப் பண இழப்பு நேர்வதில்லை. பொருள் இழப்பை நாட்டின் வரிசெலுத்துவோரும், வாழ்வின் இழப்பைச் சுரங்கத்தைச் சூழ்ந்து வாழ்வோரும் ஏற்கின்றனர். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வமைப்பை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

கடன்தொகை ஒரே தவணையில் கைமாறுவதுமில்லை. இயந்திரம் வாங்குதல், கட்டுமானம், ஆலோசகர் பணி போன்ற செலவுகள் நிகழ நிகழத் தொகை விடுவிக்கப்படும். வங்கியின் செல்வாக்கு மிகுந்திருப்பது தொகை இன்னும் விடுவிக்கப்படாத காலத்திலேயே. கடைசித் தவணை சென்றபின் ஒப்பந்தத்தின் விதிகள் தாளில் இருக்கும். அவற்றை வலியுறுத்தும் வலிமை பெரிதும் குன்றிவிடும்.

தொடக்கக் காலத்துச் சுரங்கக் கடன்களில் மக்களைப் பற்றிய கவலையைக் காண்பது அரிது. 1959இல் காபோன் நாட்டு மாங்கனீசுச் சுரங்கத்திற்கு 35 மில்லியன் அமெரிக்க டாலரும், 1960இல் மொரித்தானியாவின் இரும்புத் தாதுச் சுரங்கத்திற்கு 66 மில்லியன் டாலரும் வழங்கப்பட்டன. அவ்வாண்டுகளில் அவ்விரு நாடுகளும் முழு விடுதலை பெற்றிருக்கவில்லை. தாதுவை வெளியே கொண்டுசெல்லும் வழியும் சந்தையும் உறுதியானவையா என்பதே அக்காலத்தின் முதன்மை வினாவாக இருந்தது.

தாமோதர் பள்ளத்தாக்கும் தொடக்கக் கடன்களும்

இந்தியா உலக வங்கியின் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்று. 1949 ஆகஸ்டில் இருப்புப்பாதைத் துறைக்காக 34 மில்லியன் டாலர் கடனை அது முதன்முதலாகப் பெற்றது. 1950இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் பொக்காரோ அனல்மின் நிலையத்திற்காக 18.5 மில்லியன் டாலர் வழங்கப்பட்டது. அந்த மின் நிலையம் அன்றைய பீகாரின் ஹசாரிபாக் மாவட்டத்தில், நிலக்கரி வயல்களின் நடுவே அமைந்தது. அரை நூற்றாண்டுக்குப்பின் வங்கியின் மீது முறையீடு எழுந்த பாரேஜ் கிழக்கும் அதே மாவட்டத்தைச் சேர்ந்த நிலக்கரிப் பகுதியாகும். வங்கிக்கும் அந்நிலத்திற்குமான உறவு ஐம்பதாண்டுப் பழைமையுடையது என்பதை இது காட்டுகிறது.

1961இல் இந்தியத் தனியார் நிலக்கரி நிறுவனங்களின் இயந்திரத் தேவைக்காக 35 மில்லியன் டாலர் கடன் வழங்கப்பட்டது. அக்காலத்தில் சுரங்கங்களுள் பெரும்பாலானவை தனியார் கையிலிருந்தன. உடனடி இலாபத்தை நாடி எளிதில் எட்டும் படுகையை மட்டும் வெட்டி, ஆழத்திலுள்ளதை வீணாக்கும் போக்கும், தொழிலாளர் பாதுகாப்பின்மையும் அவற்றின் பெருங்குறைகளாகக் கூறப்பட்டன.

நிலவுரிமை குறித்த சட்டப் பின்புலமும் இங்கு நோக்கத்தக்கது. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமும், 1957ஆம் ஆண்டின் நிலக்கரி நிலங்கள் கையகப்படுத்தல் சட்டமும் அரசுக்குப் பேரதிகாரம் அளித்தன. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் பழங்குடியினர் நிலத்தைப் பிறர் கைப்பற்றாமற் காக்க 1908இல் குத்தகைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனினும், நிலக்கரிக்காக அரசே நிலத்தை எடுத்தபோது அந்தப் பாதுகாப்பு பெரிதும் பயன்படவில்லை. காட்டைத் திருத்தித் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டும் எழுத்துச் சான்று இல்லாதவர்களின் நிலை மேலும் நலிவுற்றிருந்தது. ஆவணமில்லாத நிலத்திற்கு இழப்பீடு இல்லை என்பதே பொது வழக்கம்.

நாட்டுடைமையும் வேலைவாய்ப்பும்

நிலக்கரித் துறையின் நாட்டுடைமை, தமிழர் ஒருவரின் பெயருடன் இணைந்தது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகனாகிய மோகன் குமாரமங்கலம், 1971 முதல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக விளங்கினார். 1972 மே முதல் நாள் கல்கரி தரும் நிலக்கரிச் சுரங்கங்களும், 1973 மே முதல் நாள் ஏனைய நிலக்கரிச் சுரங்கங்களும் நாட்டுடைமையாயின. அதே 1973 மே 31ஆம் நாள் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிர்நீத்தார். 1975 நவம்பரில் கோல் இந்தியா நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டு உற்பத்தி 79 மில்லியன் டன் ஆகும்.

நாட்டுடைமைக்குப்பின் நிலமிழந்தோருக்கு வேலையளிக்கும் வழக்கம் பரவலாயிற்று. ஏறத்தாழ மூன்று ஏக்கர் புன்செய் நிலம் அல்லது இரண்டு ஏக்கர் நன்செய் நிலம் கொடுத்தால் குடும்பத்தில் ஒருவருக்குச் சுரங்கத்தில் நிலையான வேலை என்பது இதன் பொதுவான அளவு. இம்முறையிலும் குறைகள் உண்டு. சிறுநிலத்தாரும் நிலமற்ற கூலிகளும் இதில் இடம்பெறவில்லை. வேலை பெரும்பாலும் ஆண்களுக்கே சென்றது. ஆயினும் மாதச் சம்பளமும் ஓய்வுக்கால வருவாயும் தரும் அவ்வேலையே நிலத்திற்கு ஈடானதென மக்கள் கருதினர்.

இக்காலத்தில் வங்கிக் கடன்களும் பெருகின. 1977இல் சிங்ரௌலி அனல்மின் நிலையத்திற்கு 150 மில்லியன் டாலர் வழங்கப்பட்டது. 1984இல் அதே வட்டாரத்தின் துதிச்சுவா திறந்தவெளிச் சுரங்கத்திற்கும், அதையடுத்து ஜாரியாவின் கல்கரிச் சுரங்கங்களுக்கும் கடன்கள் வந்தன. சிங்ரௌலி மக்களுள் பலர் ஏற்கெனவே ரிகந்து அணைக்காக 1960களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தவர்கள். நீர்த்தேக்கத்தின் கரையில் குடியேறிய அவர்கள் சுரங்கத்திற்காகவும் மின் நிலையத்திற்காகவும் மீண்டும் பெயர நேர்ந்தது.

நர்மதையின் பாடம்

வலிந்த இடப்பெயர்வு குறித்து உலக வங்கி 1980இல்தான் முதற் கொள்கையை வகுத்தது. 1990இல் அது விரிவாக்கப்பட்டது. இடம்பெயர்ந்தோரின் வாழ்க்கைத் தரம் முன்னிருந்ததைவிட உயர வேண்டும், குறைந்தது பழைய நிலைக்கேனும் மீள வேண்டும் என்பது அக்கொள்கையின் உயிர்நாடி. 1991இல் பழங்குடியினருக்கான தனி வழிகாட்டு நெறியும் வெளிவந்தது.

கொள்கைக்கும் நடைமுறைக்குமான இடைவெளியை நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணை உலகறியச் செய்தது. வங்கியே அமைத்த தற்சார்புடைய மறுஆய்வுக் குழு, பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் 1992இல் கடுமையான அறிக்கையை அளித்தது. 1993 மார்ச்சில் இந்தியா எஞ்சிய கடனைத் தானே மறுத்தது. அதன் தொடர்ச்சியாக, வங்கி தன் சொந்த விதிகளை மீறியதால் தீங்குற்றதாகக் கருதும் மக்கள் நேரடியாக முறையிட 1993 செப்டம்பரில் ஆய்வுக் குழு ஒன்று நிறுவப்பட்டது. அனைத்துலக நிறுவனமொன்று குடிமக்களுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது என்னும் கருத்து அவ்வாறு அமைப்பு வடிவம் பெற்றது.

எனினும் அக்குழுவின் அதிகாரத்திற்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது. 2020 வரை, கடனின் முடிவு நாளுக்குப் பின்னரோ, தொகையில் 95 விழுக்காடு விடுவிக்கப்பட்ட பின்னரோ வந்த முறையீட்டை ஏற்க இயலாதிருந்தது. சுரங்கத்தின் தீங்கு பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக வெளிப்படும் என்பதை நோக்க, இவ்வரம்பு சிறியதன்று.

இரட்டைக் கடன்

1990களில் இந்தியா பொருளாதாரத் தாராளமயத்தை மேற்கொண்டபோது, கோல் இந்தியாவை வணிக அடிப்படையில் இயங்கச் செய்ய வங்கியின் உதவி நாடப்பட்டது. நர்மதையின் அனுபவத்திற்குப்பின் வங்கி ஒரே கடனாக வழங்காமல் இரண்டாகப் பிரித்து வழங்கியது. முதலாவது, 1996இல் ஒப்புதல் பெற்ற சுற்றுச்சூழல், சமூகத் தணிப்புத் திட்டம். அனைத்துலக மேம்பாட்டுச் சங்கம் வழியாக வந்த அதன் அளவு ஏறத்தாழ 63 மில்லியன் டாலர். இரண்டாவது, 1997இல் ஒப்புதல் பெற்ற நிலக்கரித் துறை மறுசீரமைப்புத் திட்டம். அதன் அளவு 500 மில்லியன் டாலரை விஞ்சியது. ஜப்பானின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியும் அதில் இணைந்து நிதியளித்தது. ஏறத்தாழ 25 சுரங்கங்கள் இவற்றின் கீழ் வந்தன. சிறிய கடன் மக்களுக்கும் சூழலுக்கும், பெரிய கடன் இயந்திரங்களுக்கும் என இவ்விரு கடன்களையும் சுருங்கக் கூறலாம்.

இப்பிரிவினைக்குக் காரணம் கூறப்பட்டது. சமூகப் பணிகள் முன்னதாகத் தொடங்கி, சுரங்க விரிவாக்கத்திற்கு முன்பே கோல் இந்தியாவின் திறன் வளர வேண்டும் என்பதே அது. காரணம் நேர்மையானதே. ஆயினும் இரண்டு விளைவுகள் தோன்றின.

முதலாவது, இரு கடன்களின் நோக்கங்கள் தம்முள் முரண்பட்டன. 600,000க்கும் மேற்பட்ட பணியாளர்களைக் கொண்டிருந்த கோல் இந்தியாவில் ஆட்பலம் மிகை என்பது மறுசீரமைப்பின் அடிப்படைக் கருத்து. எனவே நிலத்திற்கு வேலை என்னும் பழைய வழக்கம் சுருங்கியது. 1994இல் வகுக்கப்பட்ட மறுவாழ்வுக் கொள்கை, வேலை பெறாதோருக்குத் தன்தொழில் பயிற்சியை முன்வைத்தது. உழவரையும் காடுசார் மக்களையும் சிறுவணிகராகவும் கைத்தொழிலாளராகவும் ஆக்குவது அதன் எதிர்பார்ப்பு. வாங்குவோருக்கே வருவாயில்லாத ஊரில் விற்போரை உருவாக்குவது எங்ஙனம் என்னும் வினாவிற்குத் திட்டத்தில் தக்க விடை காணப்படவில்லை.

இரண்டாவது, வங்கியின் செல்வாக்கு பெரிய கடனைச் சார்ந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் மறுசீரமைப்புக் கடனின் எஞ்சிய தொகை இரத்தானது. சிறிய கடன் மட்டும் எஞ்சியது. மக்களுக்கு அளித்த உறுதிமொழிகள் தாளில் நின்றன. அவற்றை நிறைவேற்றச் செய்யும் பிடி தளர்ந்தது.

பாரேஜ் கிழக்கின் முறையீடு

பாரேஜ் கிழக்கு, கோல் இந்தியாவின் துணை நிறுவனமான சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் நடத்தும் திறந்தவெளிச் சுரங்கம். அதனால் பாதிக்கப்பட்டோருள் சந்தால் பழங்குடியினரும், மூங்கில் வேலையை மரபுத் தொழிலாகக் கொண்ட துரி சமூகத்தினரும் அடங்குவர். இவ்வூர்கள் பீகாரிலிருந்து பிரிந்து 2000 நவம்பர் 15ஆம் நாள் தோன்றிய ஜார்க்கண்டு மாநிலத்திற்குட்பட்டவை. புதிய மாநிலம் பிறந்து ஓராண்டும் நிறையாத 2001 ஜூன் மாதத்தில், சோட்டாநாகபுரி ஆதிவாசி சேவா சமிதி என்னும் அமைப்பு அம்மக்கள் சார்பில் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டது. நிலத்திற்கும் வீட்டிற்குமான இழப்பீடு போதாமை, வருவாய் மீட்சியின்மை, கலந்தாலோசனையின் குறைபாடு, மீள்குடியிருப்பு மனைகளுக்கு உரிமைப் பட்டா இன்மை ஆகியவை முறையீட்டின் சாரம்.

குழுவின் அறிக்கை 2002 நவம்பரில் நிறைவுற்றது. வங்கி தன் விதிகளைப் பல இடங்களில் பின்பற்றவில்லை என அது கண்டது. இழப்பீடு மாற்று நிலமோ வீடோ பெறுவதற்கு ஈடாக அமையவில்லை. மரபுவழிப் பயிரிட்ட, ஆவணமற்ற நிலம் கணக்கில் உரியவாறு சேர்க்கப்படவில்லை. தன்தொழில் பயிற்சி பெரும்பாலோரின் பழைய வருவாயை மீட்டுத் தரவில்லை. பிண்ட்ரா, பிரேம்நகர் ஆகிய மீள்குடியிருப்புகளில் குடியேறியோருக்குத் தாம் வாழும் மனையின் மீது நெடுங்கால உரிமை உறுதிப்படவில்லை. சொந்த நிலத்தைச் சட்டத்தின் பெயரால் இழந்தவர், புதிய இடத்தில் சட்டத்தின் முன் உரிமையற்றவராக நின்றார் என்பதே இதன் பொருள்.

அறிக்கையின் காலம் இங்குக் கருதத்தக்கது. ஓராண்டு நீட்டிக்கப்பட்ட சிறிய கடன் 2002 ஜூன் இறுதியில் முடிவுற்றது. குழு குறைகளை எடுத்துரைத்தபோது, அவற்றைத் திருத்தப் பயன்படும் கடன் இல்லை. 2003இல் வங்கியின் இயக்குநர் அவை அறிக்கையைக் கருத்தில் கொண்டது. கடன் முடிந்த பின்னரும் மேற்பார்வையைத் தொடர நிருவாகம் ஒப்புக்கொண்டது. ஆயினும் கோல் இந்தியாவும் மாநில அரசும் செய்ய வேண்டியவற்றை வங்கி கேட்டுக்கொள்ள மட்டுமே முடிந்தது.

இம்முறையீட்டை வெறும் தோல்வியெனக் கொள்வது பொருந்தாது. உள்ளூர் அலுவலகங்களில் செவிமடுக்கப்படாதவர்களின் குறைகள் ஆராயப்பட்டு, சான்றுகளுடன் பதிவாயின. பழங்குடியினரின் எழுதப்படாத நிலவுரிமையை ஓர் அனைத்துலக நிறுவனத்தின் ஆவணம் ஏற்றுப் பேசியது. வரலாற்று ஆய்வாளருக்கு அவ்வறிக்கை அரிய மூலச்சான்று. ஆயினும் சான்று வேறு, தீர்வு வேறு.

வங்கி விலகிய பின்னர்

பாரேஜ் கிழக்கின் முறையீடு ஆராயப்பட்ட அதே காலத்தில், சுரங்கம், எண்ணெய், எரிவாயுத் துறைகளில் வங்கிக் குழுமம் ஈடுபடுவது தகுமா என்னும் பொது ஆய்வும் நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் இந்தோனேசியாவின் முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர் எமில் சலீம். 2001இல் தொடங்கி 2003 இறுதியில் நிறைவுற்ற அவ்வாய்வு, நிலக்கரிக்கு நிதியளிப்பதை வங்கி நிறுத்த வேண்டும் எனவும், மக்களின் தடையற்ற, முன்கூட்டிய, தெளிந்த இசைவின்றித் திட்டங்களைத் தொடங்கலாகாது எனவும் பரிந்துரைத்தது. 2004இல் விடையளித்த வங்கி நிருவாகம் முதற் பரிந்துரையை ஏற்கவில்லை. இரண்டாவதில் ‘இசைவு’ என்பதற்கு மாற்றாகக் ‘கலந்தாலோசனை’யை வைத்தது. இசைவு கேட்கப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. கலந்தாலோசிக்கப்பட்டவருக்கு அது இல்லை. ஒரு சொல்லின் மாற்றம் அதிகாரத்தின் இருப்பிடத்தையே மாற்றவல்லது.

பின்னர்க் காலநிலைக் கவலையால் மேம்பாட்டு வங்கிகள் நிலக்கரியை விட்டு விலகின. அரிய சூழல்களில் மட்டுமே நிலக்கரி மின் நிலையங்களுக்கு நிதியளிப்பதென உலக வங்கி 2013இல் அறிவித்தது. ஆசிய வளர்ச்சி வங்கி 2021ஆம் ஆண்டின் எரியாற்றல் கொள்கையில் நிலக்கரிச் சுரங்கத்திற்கும் நிலக்கரி மின்சாரத்திற்கும் நிதியளிப்பதைக் கைவிட்டது. ஆனால் அவற்றின் விலகலால் இந்தியச் சுரங்கங்கள் சுருங்கவில்லை. கோல் இந்தியா 2010இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. விரிவாக்கத்திற்கு உள்நாட்டுப் பணமே போதியதாயிற்று. 2024-25ஆம் நிதியாண்டில் இந்தியாவின் மொத்த நிலக்கரி உற்பத்தி 1,000 மில்லியன் டன்னைக் கடந்தது.

வங்கியுடன் அதன் ஆய்வுக் குழுவும் விலகியது. கடன் இல்லாத இடத்தில் முறையீட்டுக்கும் இடமில்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டமும், 2015இல் ஏற்படுத்தப்பட்ட மாவட்டக் கனிம அறவாரியங்களும் உள்நாட்டில் புதிய பாதுகாப்புகளை உருவாக்கியுள்ளன. இவை நாட்டின் சட்டத்தில் வேரூன்றியவை என்பதால் கடன் நிபந்தனையைவிட நிலைபேறுடையவை. எனினும், நிலத்தை எடுக்கும் அரசே நிறுவனத்தின் பெரும் பங்குடைமையாளராகவும் மக்களின் குறை கேட்பவராகவும் இருக்கும் நிலை மாறவில்லை.

முடிவுரை

மேலே கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, மேம்பாட்டு வங்கியின் நிதி வெறும் பணமன்று. அது விதிகளையும் உடன்கொண்டு வந்தது. அவ்விதிகள் நாட்டுச் சட்டம் அன்று அளிக்காத சில உரிமைகளை நிலமிழந்தோருக்குத் தாளளவிலேனும் அளித்தன. இரண்டாவது, அதே நிதி உற்பத்தித் திறனின் பெயரால், நிலத்திற்கு ஈடாக மக்கள் நம்பிய வேலையைக் குறைக்கவும் துணைநின்றது. வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் எடுத்துக்கொண்ட நிலையை இரட்டைக் கடனின் வரலாறு காட்டுகிறது. மூன்றாவது, விதிகளின் காலம் கடனின் காலத்தோடு கட்டப்பட்டிருந்தது. கடன் ஐந்தாறு ஆண்டுகளில் முடிந்தது. சுரங்கமோ பல பத்தாண்டுகள் நீள்வது. நிலத்தை இழந்த குடும்பத்தின் இழப்பு தலைமுறைகளைத் தொடர்வது.

ஆகவே ஒரு சுரங்கக் கடனின் வெற்றியை அதன் முடிவு நாளில் அளப்பது பொருந்தாது. இயந்திரம் வந்துசேர்ந்ததா, உற்பத்தி உயர்ந்ததா என்னும் வினாக்களுக்கு அந்நாளில் விடை கிடைத்துவிடும். நிலம் கொடுத்தவரின் பிள்ளைகள் எந்நிலையில் வாழ்கின்றனர் என்னும் வினாவிற்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகளேனும் செல்லும். அவ்வினாவைக் கேட்கும் பொறுப்பு எவருக்குரியது என்பதை வங்கியின் ஒப்பந்தங்களும் நாட்டின் சட்டங்களும் தெளிவாக வரையறுக்கும்வரை, பாரேஜ் கிழக்கின் முறையீடு முடிவுற்றதாகக் கொள்வதற்கில்லை.